ஜென்கின்ஸா, கிட்லேபா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா: படுத்துவிட்டால் யார் எழுப்புவது?

புதிதாக ஒரு டீம் டெஸ்டையும் டெப்ளாயையும் (கோடைச் சர்வரில் ஏற்றுவதையும்) தானாக ஓடவிட வேண்டும் என்று உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் தலைப்பில் உள்ள இந்த மூன்று கருவிகளில் வந்துதான் நிற்கிறது. வசதிகளைப் பட்டியல் போட்டு டிக் அடித்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வரும். கோட் புஷ் ஆனதும் பில்ட், அப்புறம் டெஸ்ட், எல்லாம் பச்சை என்றால் டெப்ளாய். இதை எல்லாமே செய்யும். அதனால் நான் முதலில் கேட்பது வேறு: பைப்லைன், அதாவது இந்தப் படிகளின் வரிசை, ஓடாமல் நின்றுவிட்டால் அதைப் பார்க்கப்போவது யார்? அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடிகிறதா இல்லையா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

ஜென்கின்ஸ் மூவரில் மூத்தது. 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளோடு பெயர் உரிமைச் சிக்கல் வந்து, 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. எதையும் எதோடும் இணைக்கலாம். பிளகின்கள் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள்) மட்டும் 1,800-க்கு மேல். அதன் பலமும் அதுதான், பாரமும் அதுதான். ஒரு பிளகினை அப்டேட் செய்தால் அது நம்பியிருக்கும் இன்னொன்று முரண்டு பிடிக்கும். அதற்குப் பயந்து அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு டீமில் ஒருநாள் காலை எல்லா பில்டும் வரிசையில் நின்றன, ஒன்றுகூட ஓடவில்லை. முந்தைய நாள் யாரோ ஜென்கின்ஸ்ஃபைலை, அதாவது பைப்லைன் படிகளை எழுதிவைக்கும் ஃபைலை, மாற்றியிருந்ததால் அதிலேயே துருவிக்கொண்டிருந்தோம். அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் டிஸ்க் நிறைந்திருந்தது. பழைய பில்ட்களை அழிக்கச் சொல்லி யாரும் அமைத்து வைக்கவில்லை. காலி இடம் 1 ஜிபிக்குக் கீழே போனால் ஜென்கின்ஸ் அந்த நோடை (பில்ட் ஓடும் மெஷினை) ஆஃப்லைனில் போட்டுவிடும். அதன் இயல்பான அமைப்பே அப்படி. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அதைக் கவனிக்க வேண்டிய ஆள்தான் எங்களிடம் இல்லை.

ஆனாலும் ஜென்கின்ஸை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். அதில் ரீப்ளே என்று ஒரு பொத்தான் உண்டு. நடந்து முடிந்த ஒரு பில்டை எடுத்து, ஸ்கிரிப்டை அங்கேயே திருத்தி, கமிட் செய்யாமல் (கோட் வரலாற்றில் பதிக்காமல்) மறுபடி ஓடவிடலாம். பைப்லைனைச் சரிசெய்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கோட் ஏற்கெனவே கிட்ஹப்பில் இருந்தால் படிகளை எழுதிவைக்கும் ஒரு யாமல் ஃபைலைச் சேர்த்துவிட்டு அன்றைக்கே டெஸ்டை ஓடவிடலாம். ஒவ்வொரு ஜாபுக்கும் புதிய மெஷின், முடிந்ததும் அது போய்விடும். டிஸ்க் நிறைவது, பழைய ஃபைல் மிச்சமிருந்து டெஸ்டைக் குழப்புவது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. சின்ன டீமுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தொந்தரவு வேறு இடத்தில் வரும். ஒர்க்ஃப்ளோவை (இங்கே பைப்லைனுக்கு அதுதான் பெயர்) நம் மெஷினில் ஓட்டிப் பார்க்க அதிகாரபூர்வமான வழி இல்லை. ஆக்ட் என்ற தனிக் கருவி ஓரளவுக்குக் கைகொடுக்கும், முழுக்க அல்ல. அதனால் கமிட் வரலாற்றைத் திறந்தால் "யாமல் ஃபிக்ஸ்", "மறுபடி முயற்சி", "இப்போதாவது" என்று பத்துப் பன்னிரண்டு வரிசையாக நிற்கும். ஒரு சின்ன உதாரணம். பைதான் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், யாமல் அதை ஒரு தசம எண்ணாக எடுத்து 3.1 ஆக்கிவிடும். மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை, பைதான் 3.1 கிடைக்கவில்லை என்ற பிழையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, பிறர் எழுதிவைத்த ஆயத்தப் படிகளான ஆக்‌ஷன்களை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனுக்குள் யாரோ புகுந்து, அதன் பதிப்பு டேக்குகளைக் கெடுதலான ஒரு கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் (கோட் களஞ்சியங்கள்) அதைப் பயன்படுத்தி வந்தன. அந்த நேரத்தில் அது ஓடிய இடங்களில் ரகசியச் சாவிகள் பில்ட் லாக்கில் கொட்டின. ரெப்போ பொதுவில் இருந்தால் அந்த லாக்கை யாரும் படிக்கலாம். டேக் என்பது நகர்த்தக்கூடிய பெயர். அதனால் வெளியாள் ஆக்‌ஷன் எதுவானாலும் முழு கமிட் ஹேஷை (அந்தக் கமிட்டுக்கே உரிய, மாறாத அடையாளக் குறியை) போட்டுக் கட்டிவையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. கிளவுட் சாவிகளையும் நிரந்தரமாகச் சேமித்து வைக்காமல், ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை வழியாகச் சில நிமிடங்கள் மட்டும் செல்லும் டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். கிட்லேபிலும் இது உண்டு.

கிட்லேப் இந்த இரண்டுக்கும் நடுவில். 2015இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து சிஐ (பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் வசதி) அதன் உள்ளேயே இருக்கிறது. ரெப்போ, பைப்லைன், கண்டெய்னர் இமேஜ் (ஓடத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதி) எல்லாவற்றையும் சொந்த சர்வரில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கோட் வெளியே போகவே கூடாது என்று விதி இருக்கும் இடங்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். யாமலும் தெளிவாக இருக்கும். எந்த ஜாப் எதற்காகக் காத்திருக்கிறது என்று நீட்ஸ் வரியைப் பார்த்தாலே புரியும். ஆனால் சொந்த சர்வர் என்றால் பராமரிப்பும் சொந்தம். ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் புதியதற்குப் போக முடியாது, குறிப்பிட்ட இடைப் பதிப்புகளில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். இரண்டு வருடம் அப்டேட் செய்யாமல் விட்டவர்களுக்கு ஒரு வார இறுதியே போய்விடும்.

டெப்ளாய் விஷயத்தில் மூன்றிலும் நான் தேடுவது ஒரே பூட்டு: ஒரு நேரத்தில் ஒரு டெப்ளாய்தான் ஓட வேண்டும். கிட்லேபில் ரிசோர்ஸ் குரூப், கிட்ஹப்பில் கன்கரன்சி, ஜென்கின்ஸில் அதற்கென்று ஒரு பிளகின். அதோடு, எல்லா சர்வரிலும் ஒரே பதிப்புதான் இருக்கிறதா என்று கடைசி ஜாபே கேட்டுப் பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 8 சர்வர்களில் 7-க்குத்தான் புது கோட் போயிருந்தது. கையால் செய்த டெப்ளாயில் ஒன்று விட்டுப்போனது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. எல்லா சர்வரிலும் ஒரே பதிப்பா என்று கேட்கும் அந்தச் சோதனை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்தான்.

சரி, எதை எடுப்பது? கோட் கிட்ஹப்பில், ஆட்கள் பத்துப் பேருக்குள் என்றால் ஆக்‌ஷன்ஸ், யோசிக்கவே வேண்டாம். எல்லாம் சொந்த சர்வரில், மாதம் ஒருமுறை அப்டேட் செய்ய ஆள் உண்டு என்றால் கிட்லேப். கேபிளில் கோத்த கருவிகளில் டெஸ்ட் ஓட வேண்டும், விசித்திரமான பழைய சிஸ்டங்களோடு பேச வேண்டும், அதற்கென்றே ஒருவர் முழுநேரமும் இருக்கிறார் என்றால் ஜென்கின்ஸ்.

எதை எடுத்தாலும் பில்ட், டெஸ்ட், டெப்ளாய் கட்டளைகளை ரெப்போவுக்குள் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டாக வையுங்கள். யாமல் அவற்றைக் கூப்பிட்டால் போதும். 2021 ஜூனில் இதே மாதிரி சேவையான டிராவிஸ் சிஐயின் டாட் ஆர்க் தளம் மூடப்பட்டபோது ஏராளமான திறமூலத் திட்டங்கள் இடம் மாற வேண்டிவந்தது. ஸ்கிரிப்டைத் தனியே வைத்திருந்தால் அப்படி மாறும்போது அதைக் கூப்பிடும் ஃபைலை மட்டும்தான் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.