நண்டின் அகலமும் எடையும்: சார்ட்.ஜேஎஸ் நூலகத்தின் சிதறல் விளக்கப்படம்

மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ள மீனவர்கள் அவற்றை வடகடல், தென்கடல் என்றே சொல்வார்கள். இரு கடல்களிலும் நண்டு வலையில் படும் நீல நண்டுகளின் ஓட்டு அகலத்தையும் எடையையும் இறங்குதளத்திலேயே அளந்து, குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஓர் இணையப் பக்கத்தில் வரைபடமாகத் தரும் வேலையில் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் நண்டு வலைக்காரர்களும், நண்டை அவித்து உடைத்துச் சதை எடுக்கும் பெண்களும், வியாபாரிகளுமே. அவர்கள் எல்லோரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். இந்தத் தேவைக்கு, இணையப் பக்கத்தில் வரைபடம் வரைவதற்கான ஆயத்த நிரல் தொகுப்பான சார்ட்.ஜேஎஸ் நூலகத்தின் 4ஆம் பதிப்பைப் பயன்படுத்தினேன். இரு அளவுகளை இரு அச்சுகளில் வைத்து ஒவ்வொரு நண்டையும் ஒரு புள்ளியாகக் காட்டும் அதன் சிதறல் விளக்கப்படம் எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

2013இல் தொடங்கப்பட்ட இந்த நூலகம் எம்ஐடி என்னும் திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, உலாவியின் 'கேன்வாஸ்' என்னும் வரைபரப்பில் வரைகிறது. வரைபட வகையை 'ஸ்கேட்டர்' என்று குறிப்பிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் என்னும் இரு மதிப்புகளைத் தந்தால் படம் வந்துவிடும். மதிப்புகளின் பெயர் எக்ஸ், ஒய் என்றுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'பார்சிங்' என்னும் அமைப்பில் எந்தப் பெயரை எந்த அச்சுக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், 'அகலம்', 'எடை' என்று தமிழிலேயே தலைப்பிட்ட தரவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. குறிப்பேட்டிலிருந்து தட்டச்சு செய்பவர் தமிழ்த் தலைப்புகளோடு வேலை செய்ய முடிந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அச்சுகளை அமைப்பதில்தான் அதிக நேரம் செலவானது. அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இயல்பான நேரியல் அச்சு, தரவில் உள்ள சிறிய, பெரிய மதிப்புகளைப் பார்த்துத் தன் எல்லைகளைத் தானே வகுத்துக்கொள்ளும். ஒரே படம் என்றால் இது நல்ல ஏற்பாடு. நானோ வடகடலுக்கு ஒரு படமும் தென்கடலுக்கு ஒரு படமுமாக அடுத்தடுத்து வைத்து, எல்லைகளை நூலகத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். இரண்டு படங்களின் எடை அச்சும் வெவ்வேறு உயரத்தில் முடிந்ததால், அதே எடையுள்ள நண்டு ஒரு படத்தில் மேலேயும் மற்றொன்றில் நடுவிலும் நின்றது. அதைப் பார்த்த வலைக்காரர் ஒருவர் ஒரு கடலின் நண்டு மற்றதைவிடக் கனமானது என்று முடிவு செய்துவிட்டார்; அந்தத் தவறான முடிவுக்கு என் அமைப்பே காரணம். ஒப்பிடுவதற்காக வைக்கும் படங்களில் அச்சின் கீழ், மேல் எல்லைகளான 'மின்', 'மாக்ஸ்' இரண்டையும் ஒரே அளவாகக் கையால் எழுதியே தீர வேண்டும்.

அடுத்தது மடக்கை அச்சு. இதில் 1, 10, 100 என்று மடங்குகள் சம இடைவெளியில் நிற்கும். நண்டின் அகலம் இரு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகவே நேரியல் அச்சில் புள்ளிகள் மேல்நோக்கி வளைந்த ஒரு பாதையில் விழுகின்றன. இரண்டு அச்சுகளின் வகையையும் 'லாகரித்மிக்' என்று மாற்றியதும் அந்த வளைவு நேராகிவிடுகிறது. மீன்வள ஆய்வில் நீளம், எடை உறவை இப்படிப் பார்ப்பதே வழக்கம். இந்த மாற்றத்துக்கு அச்சுக்கு ஒரு சொல் எழுதினால் போதும் என்பது நூலகத்தின் சிறப்பு. புள்ளிகளின் பொதுப் போக்கைக் காட்டும் போக்குக் கோட்டை இந்நூலகம் தானாகக் கணக்கிட்டுத் தராது. சாய்வை நாமே கணக்கிட வேண்டும். ஆனால் மடக்கை அச்சில் கோடு நேராக இருப்பதால், இரு முனைப் புள்ளிகளை மட்டும் கொண்ட ஒரு தனித் தரவுத் தொகுதியைச் சேர்த்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் 'ஷோலைன்' என்பதை இயக்கி, புள்ளியின் ஆரத்தைப் பூஜ்யமாக்கினால் வேலை முடிந்தது. எடை பார்க்க விட்டுப்போன நண்டுக்குப் பூஜ்யம் என்று எழுதும் பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். மடக்கை அச்சில் பூஜ்யத்துக்கு இடமே இல்லை.

இறங்குதளத்தில் வரும் நண்டுகளில் பல ஏறக்குறைய ஒரே அளவுள்ளவை என்பதால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரு திட்டாகிவிடுகின்றன. நிறத்தை ஒளி ஊடுருவுமாறு மங்கலாகத் தந்தபோது, புள்ளிகள் அடர்ந்த இடம் கருத்தும் அரிதான இடம் வெளுத்தும் தெரிந்தது. ஆண் நண்டுக்கு நீலமும் பெட்டைக்குப் பழுப்பும் கொடுத்தேன். நண்டின் இயற்கை நிறமும் அதுவே என்பதால் குறிவிளக்கத்தைப் பார்க்காமலே பலர் புரிந்துகொண்டார்கள். சினை நண்டுக்கு முக்கோணம். முட்டைத் திரளின் கனத்தால் அது அதே அகலமுள்ள மற்ற நண்டுகளுக்கு மேலே நிற்க வேண்டியது. எண்ணிக்கையில் குறைவான அந்தப் புள்ளிகள் மற்றவற்றின் கீழே மறைந்துவிடக் கூடாது. முதலில் எழுதப்படும் தொகுதியே எல்லாவற்றுக்கும் மேலாக வரையப்படும் என்பதால் சினை நண்டை முதலில் வைத்தேன். ஓட்டின் பக்கவாட்டு முள் முறிந்த நண்டு அகலம் குறைவாகப் பதிவாகி, கூட்டத்திலிருந்து விலகி நிற்கும். புள்ளியின் வடிவத்துக்கு ஒரு சொல்லுக்குப் பதிலாக, ஒவ்வொரு புள்ளிக்கும் வடிவத்தை முடிவு செய்யும் ஒரு செயல்கூறையே (சிறு நிரலையே) தரலாம் என்பதால், முள் முறிந்தவை மட்டும் பெருக்கல் குறியாக வரும்படி செய்ய முடிந்தது. இந்த நூலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுவே.

கைப்பேசிக்கு இயல்பு மதிப்புகள் பொருந்தவில்லை. புள்ளியின் ஆரம் 3 பிக்சல், அதைச் சுற்றித் தொடுதலை ஏற்கும் 'ஹிட்ரேடியஸ்' 1 பிக்சல். இவ்வளவு சிறிய இடத்தைக் கட்டைவிரலால் தொட முடியாது. 'ஹிட்ரேடியஸ்' மதிப்பை உயர்த்தலாம். அல்லது தொடும் முறையை 'நியரஸ்ட்' என்று மாற்றி, விரல் புள்ளியின் மேலேயே பட வேண்டும் என்னும் 'இன்டர்செக்ட்' என்பதை அணைத்துவிடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். இப்போது படத்தில் எங்கே தொட்டாலும் அருகிலுள்ள நண்டின் அகலம், எடை, தேதி, கடல் ஆகியவை பெட்டியில் வருகின்றன. படத்தின் அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு என்னும் இயல்பான விகிதமும் நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் படத்தை நசுக்கிவிடுகிறது. 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்பதை அணைத்து, படத்தைத் தாங்கும் பெட்டிக்கு நாமே உயரம் கொடுப்பது நல்லது.

தமிழ் எழுத்துருவில் ஒரு கவனம் தேவை. கேன்வாஸில் ஒருமுறை வரைந்த எழுத்து, எழுத்துரு பிறகு வந்து சேர்ந்தாலும் தானாக மாறாது. ஆகவே எழுத்துரு ஏறி முடியும்வரை காத்திருந்து அதன் பின்னரே படத்தை உருவாக்க வேண்டும். தீவுப் பக்கம் சிக்னல் மெதுவாக இருக்கும் நேரங்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது.

லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புள்ளிகளைக் குறைத்து வரையும் 'டெசிமேஷன்' வசதி கோட்டு வரைபடத்துக்கு மட்டுமே உண்டு. அவ்வளவு பெரிய தரவுக்கு கணினியின் வரைகலைச் செயலியைப் பயன்படுத்தும் வெப்ஜிஎல் வழியாக வரையும் ப்ளாட்லி என்னும் மற்றொரு நூலகம் பொருத்தமானது. ஓர் இறங்குதளத்தின் குறிப்பேடு அளவுக்கு இதுவே போதும், நிறைவாகவும் இருக்கிறது. கேன்வாஸ் படத்தின் உள்ளே இருப்பதை, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்காது என்பதால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் எண்களையே பார்க்க விரும்பும் வியாபாரிகளுக்குமாக அதே தரவைப் படத்தின் கீழே ஓர் அட்டவணையாகவும் வைத்திருக்கிறேன்.