விவாகரத்துக்குப் பிறகு சிட்டிசன்ஷிப் போடப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கல்யாணத்தின் மூலம் அமெரிக்கக் கிரீன் கார்டு வாங்கி, அப்புறம் அந்தக் கல்யாணம் தீர்ந்துபோய், இனி சிட்டிசன்ஷிப் கிடைக்குமா கிடைக்காதா என்று யாரிடமும் கேட்க முடியாமல் இருக்கிற நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் இதை வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் திரும்பி வருகிற முதல் கேள்வி, "ஏன் ஆச்சி தீர்த்தாக?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நானும் சத்தமில்லாமல் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன ஓர் ஆளிடம் போனேன். காரைக்குடியில், மாடியில் சின்னதாக ஓர் அலுவலகம். வெளிநாட்டு விசா, பாஸ்போர்ட், சிட்டிசன்ஷிப் எல்லாம் செய்து தருகிறோம் என்று போர்டு. பேர் போட மாட்டேன், விஷயம் புகாரில் இருக்கிறது.

எனக்கு 2018 தை மாதம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் வைத்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அதற்கு முன்பே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். 2019 ஜூனில் நான் நியூஜெர்சி போய் இறங்கினேன். கல்யாணமாகி 2 வருஷம் ஆகாததால் முதலில் 2 வருஷ நிபந்தனைக் கார்டுதான் கொடுத்தார்கள். 2021-ல் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கிற ஐ-751 விண்ணப்பம் போட்டு, அப்புறம் 10 வருஷக் கார்டு வந்தது. 2022-ல் பிரிந்தோம். காரணம் எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

2023 ஜனவரியில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ரொம்ப முடியாமல் போனது. வேலையில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நான் ஊரில் இருந்த நேரத்திலேயே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். சாமான் லிஸ்டை விரித்து வைத்துக்கொண்டு வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருப்பி வாங்கினோம். அப்பச்சி கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் தவறிப்போனார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெரிய வீட்டில் ஆத்தா (அம்மா) தனி ஆள். சாயங்காலம் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் விளக்குப் போட்டு வரவே அவர்களுக்கு மூச்சு வாங்கும். எப்படியாவது என்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் அப்பா அம்மாவுக்கு மனுப் போட முடியாது. 21 வயது முடிந்த அமெரிக்கக் குடிமக்கள்தான் போட முடியும். என் அவசரமெல்லாம் அதனால்தான்.

அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டார். "ஆச்சி, நீங்க ஏன் கவலைப்படுறிய? சிட்டிசனைக் கட்டுனவுகளுக்கு மூணு வருஷம் போதும். உங்களுக்கு நாலு வருஷம் ஆகப் போகுது. இப்பவே போட்டுருவோம். அடுத்த வருஷம் இந்நேரம் உங்க ஆத்தா அங்கிட்டு இருப்பாக" என்றார். கல்யாணம் தீர்ந்துவிட்டதே என்றேன். 100 ரூபாய் முத்திரைத்தாளில் 'திருமண விடுதலைப் பத்திரம்' எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரை வைத்தால் போதும், கோர்ட்டுக்குப் போனால் ஊர் பூராத் தெரியும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தலையாட்ட வைத்தது.

அமெரிக்க அரசாங்கக் கட்டணம் 2,400 டாலர் என்று 2 லட்ச ரூபாய், அவர் கூலி 75,000. ஜி-பேயில் 50,000 மட்டும் வாங்கிக்கொண்டார், மீதி முழுவதும் ரொக்கமாகக் கேட்டார். ரசீது கேட்டதற்கு "முடிச்சுட்டு மொத்தமாத் தர்றேன்" என்றார். அப்போது சிட்டிசன்ஷிப்புக்குப் போடுகிற என்-400 விண்ணப்பத்துக்கு உண்மையான கட்டணம் கைரேகைக்கும் சேர்த்து 725 டாலர். 2024 ஏப்ரல் 1-லிருந்து ஆன்லைனில் போட்டால் 710, தாளில் போட்டால் 760. விண்ணப்பப் படிவத்துக்குக் காசே கிடையாது, அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். இணையதளத்திலேயே இருக்கிறது. 2 நிமிஷம் போனில் தேடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் பணத்தைவிடப் பெரிய அடி. ஜூன் கடைசியில் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தேன். "எதுக்கு அவசரப்படுறிய? ஒரு வருஷத்துக்குள்ள போனாப் போதும். அப்பச்சி காரியமெல்லாம் முடிச்சுட்டு நிதானமாப் போங்க" என்றார். ஆத்தாவைத் தனியாக விட மனசில்லாத எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. டிக்கெட்டை மாற்றிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில்தான் கிளம்பினேன். 7 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஜூலையில், பிரிந்துபோன கணவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. என் பேருக்குக் கைரேகைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் அவர் வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "இது ஏன் இங்க வருது? உனக்கு ஏதும் பிரச்சினை வந்துடக் கூடாதுன்னு அனுப்புறேன்." எங்களுக்குள் ஆயிரம் இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அனுப்பினாரே, அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அதில் குறித்திருந்த தேதி அதற்குள் தாண்டிப் போயிருந்தது.

அமெரிக்காவுக்குக் கிளம்ப 2 நாள் இருக்கும்போது அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நகல் கையில் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். 3 மணி நேரம் கழித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். படிக்கப் படிக்கக் கை நடுங்கியது. குடியுரிமைக்கு என்ன தகுதியில் விண்ணப்பிக்கிறீர்கள் என்கிற இடத்தில் 'அமெரிக்கக் குடிமகனின் மனைவி, 3 வருஷம்' என்ற கட்டத்தில் டிக். திருமண நிலை: திருமணமானவர். கணவர் பேர், அவர் வேலை, அவர் வீட்டு முகவரி என் முகவரியாக. போன் நம்பரும் மின்னஞ்சலும் அந்த ஏஜென்டுடையது. வெளிநாட்டுப் பயணம் என்கிற இடத்தில் இந்த முறை வந்ததே இல்லை. கடைசியில், இதைத் தயாரித்தவர் யார் என்று கேட்கிற பகுதி காலியாக இருந்தது. சொல்வதெல்லாம் உண்மை, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாக என் பேர் டைப் அடித்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

திரும்பிப் போனதும் நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் அந்த நகலில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் போட்டு விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன்.

3 வருஷக் கணக்கு என்பது கல்யாணத்தோடு ஒட்டியது. அமெரிக்கக் குடிமகனோடு 3 வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியிருக்க வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்கிற நாள் வரைக்கும் அந்தக் கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட பிறகு விவாகரத்து ஆனாலும் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் 5 வருஷக் கணக்கு உங்களுடையது. அதற்குக் கணவர் தேவையில்லை. கிரீன் கார்டு கிடைத்த நாளிலிருந்து ஓடுகிற கணக்கு அது, நிபந்தனைக் கார்டில் இருந்த 2 வருஷமும் அதில் சேரும். 5 வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். என் கணக்கில் அது 2024 மார்ச். அந்த ஆளிடம் போகாமல் ஒரு 10 மாதம் பொறுத்திருந்தால் ஒரு பொய்யும் இல்லாமல் நானே போட்டிருப்பேன்.

இன்னும் 2 வருஷ நிபந்தனைக் கார்டில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. விவாகரத்து ஆகிவிட்டால் கணவர் கையெழுத்து இல்லாமலேயே ஐ-751 போட வழி இருக்கிறது. கல்யாணம் உண்மையாக நடந்தது, சேர்ந்து வாழ்ந்தோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும், கூடவே நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டும். கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அழுதுகொண்டிருக்காதீர்கள்.

நோட்டரி பத்திரத்தை எடுத்துக் காட்டியபோது அந்த வழக்கறிஞர் அதைத் தொடக்கூட இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணமானவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்புதான் விவாகரத்து. வழக்காற்றில் விவாகரத்து உள்ள சமூகங்களுக்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், அப்படி ஒரு வழக்காறு இருப்பதை நிரூபிக்க வேண்டும். பெரியவர்கள் பேசித் தீர்த்தது வீட்டு மரியாதைக்கு நல்லது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசாங்கத்துக்கு அது ஒரு தாள்கூட இல்லை. நாங்கள் இருவரும் நியூஜெர்சியில் இருந்ததால் இருவர் சம்மதத்தோடு அங்கேயே நீதிமன்றத்தில் முடித்தோம். 2024 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இருவரும் மனமொப்பி அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வாங்குகிற தீர்ப்பை இந்தியாவிலும் ஏற்கலாம் என்று 1991-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குத் தெரியாமல் வாங்கி வருகிற தீர்ப்பு அப்படி நிற்காது.

ஊரில் தங்கிய 7 மாதத்துக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்குள் திரும்பினால் கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை என்பதைத்தான் அந்த ஆள் சிட்டிசன்ஷிப்புக்கும் சேர்த்து அளந்துவிட்டார். சிட்டிசன்ஷிப் கணக்கில் ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் தொடர்ந்து குடியிருந்தது அறுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அறவில்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் அந்த வாய்ப்பும் இல்லை. இது போக, 5 வருஷத்தில் மொத்தம் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அப்பா அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் தேதியை எண்ணி வாருங்கள். ஜூன் டிக்கெட்டில் நான் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

என் நல்ல காலம், வேலையை விடவில்லை, லீவுக்குக் கம்பெனிக் கடிதம் இருந்தது. வாடகை மாதாமாதம் கட்டியிருந்தேன், வரிக் கணக்குக் காட்டியிருந்தேன், அப்பச்சியின் ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாம் ஆத்தா ஒரு துணிப்பையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பழைய விண்ணப்பத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற்றேன். கட்டிய பணம் திரும்பி வராது. 2024 மே மாதம் 5 வருஷக் கணக்கில், விவாகரத்துத் தீர்ப்போடு, புதிதாகப் போட்டேன்.

2025 தொடக்கத்தில் நேர்காணல். அந்த அதிகாரி முதலில் எடுத்ததே பழைய விண்ணப்பத்தைத்தான். "கணவரோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஏஜென்டின் வாட்ஸாப் செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தோம், அதையும் பார்த்தார். அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கிய நாள் நினைவில் இல்லை. கடைசியில் சம்மதம் வந்தது, ஜூனில் பிரமாணம் எடுத்தேன். எனக்குக் கிடைத்தது என்பதால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நம் பேரில் பொய் எழுதிப் போட்ட ஒரு விண்ணப்பம் நாட்டை விட்டே அனுப்புகிற அளவுக்குக் கொண்டுபோய் விடலாம் என்று அந்த வழக்கறிஞர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

யாரிடம் போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர், அல்லது அந்நாட்டு அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) அங்கீகரித்த பிரதிநிதி, இந்த இரண்டு பேர்தான் உங்கள் சார்பில் பேச முடியும். அவர்கள் ஜி-28 என்ற படிவத்தில் தங்கள் பேரைப் போட்டுக் கையெழுத்திடுவார்கள். வழக்கறிஞரின் உரிமம் உண்மையா என்று அந்த மாநிலத்தில் வழக்கறிஞர் உரிமத்தைக் கவனிக்கிற அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தயாரித்தவர் பகுதியில் தன் பேரை எழுத மறுக்கிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

பணத்துக்காகக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருஷக் கெடு முடிவதற்குள் புகார் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. ஜி-பேயில் கொடுத்த 50,000-க்கு மட்டும்தான் பதிவு சாட்சியாக இருக்கிறது. மீதி ரொக்கத்துக்கு அவர் அனுப்பிய "பாக்கி வந்துருச்சு ஆச்சி" என்ற ஒற்றைச் செய்திதான் ஆதாரம்.

அசல்களைக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 'ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்' என்று பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், இசைகுடிமானம் (கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எழுதிக்கொள்கிற சம்மதத் தாள்) மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டால் இன்னும் 60,000 கொடுங்கள் என்கிறார். ஆத்தாவுக்கு மனுப் போடப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்தே கேட்கிறார். அதைக் காரைக்குடி மாநகராட்சியில் புதிதாக வாங்கிவிட்டோம், கல்யாணச் சான்றிதழுக்கும் நகல் கிடைத்துவிட்டது. ஆத்தாவுக்கான மனுவையும் அனுப்பிவிட்டோம்.

இசைகுடிமானத்துக்கு நகல் கிடையாது. வளவில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து எழுதிய தாள். அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது, அந்தத் தாளால் எந்த அலுவலகத்திலும் இனி ஒரு காரியமும் ஆகாது. அப்பச்சி தன் முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது அதில்தான். அதே மாடியில் உங்கள் தாள்களும் சிக்கியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் சேர்ந்து நிற்கலாம்.