காருக்குள்ள பின்னாடி பாக்குற கண்ணாடி பட்டன்ல வீட்டு கேட் திறக்கிற மாதிரி யாராவது செட் பண்ணிக் குடுத்திருந்தா இன்னைக்கே கேட் மோட்டார் மூடியைக் கழட்டிப் பாருங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க கண்டிப்பா படிங்க.

மூணு மாசம் முன்னாடி ஒரு டீலர்கிட்ட பழைய ஜெர்மன் கார் எடுத்தோம். உள்ள டிரைவர் பின்னாடி பாக்குற கண்ணாடிக்கு அடியில மூணு சின்ன பட்டன் இருந்துச்சு, ஹோம்லிங்க்னு சொல்வாங்க, வீட்டு ரிமோட்டை அதுக்குப் பழக்கிட்டா கேட், கேரேஜ் கதவு எல்லாம் அதுலயே திறக்கலாம். ராத்திரி கேட் முன்னாடி வண்டியை நிறுத்திட்டு பையில ரிமோட் தேடுற அந்த அரை நிமிஷம் எவ்வளவு பயம்னு இந்த ஊர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஹைஜாக்கிங், அதாவது மிரட்டி காரைப் பிடுங்குறது, நிறைய நடக்கிறதே வீட்டு வாசல்லதான். அதனால டீலர் "2,400 ராண்ட் குடுங்க மேடம், எங்க பையன் வீட்டுக்கே வந்து ப்ரோக்ராம் பண்ணித் தருவான்"னு சொன்னதும் யோசிக்காம குடுத்தேன்.

பையன் வந்தான், மோட்டார்கிட்ட முக்கால் மணி நேரம் உக்காந்தான், நான் டீ போட்டுக் குடுத்தேன், பட்டனை அமுக்கினா கேட் திறந்துச்சு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போன வாரம் கரண்ட் போனப்ப கேட் பாதியில நின்னுடுச்சு, பேட்டரி போச்சுன்னு சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு அங்கிளைக் கூப்பிட்டோம், நாலு தலைமுறையா இங்க இருக்கிற குடும்பம், தமிழ் கொஞ்சம்தான் வரும். மூடியைக் கழட்டினவரு அப்படியே நிறுத்திட்டு, "இந்த சின்ன போர்டு யாரும்மா போட்டது?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல.

அவர் சொன்னது இதுதான். எங்க மோட்டார் ரிமோட் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் புது நம்பர் அனுப்பும், பழைய நம்பரை மோட்டார் ஏத்துக்காது, அதனால காத்துல பிடிச்சு காப்பி அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. இந்த மாதிரி மோட்டார்னா கார் பட்டன் ரிமோட்டைக் கேட்டா மட்டும் போதாது, மோட்டார்ல இருக்கிற, புது ரிமோட்டைச் சேர்க்கிற லேர்ன் பட்டனையும் அமுக்கி காரை அதுக்கு அறிமுகப்படுத்தணும், அதுக்கும் ரெண்டும் ஒத்துப்போகணும். இங்க ரிமோட்டோட ரேடியோ அலைவரிசை 403லயும் வரும் 433 மெகாஹெர்ட்ஸ்லயும் வரும், ரகசிய நம்பர் உருவாக்குற முறையும் கம்பெனிக்கு கம்பெனி வேற, எங்க மோட்டாரோட முறை அந்தக் கண்ணாடிக்குப் புரியவே புரியாதாம். அந்தப் பையன் "முடியாது மேடம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதை விட்டுட்டு, எப்பவும் ஒரே நம்பர் அனுப்புற மலிவான ரிசீவர் ஒண்ணை எங்க மோட்டார்ல ஒட்டவச்சு, அதோட வந்த குட்டி ரிமோட்டைக் கண்ணாடிக்குப் பழக்கியிருக்கான்.

அங்கிள் அடுத்து கேட்டதுலதான் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. "அந்த குட்டி ரிமோட் எங்க?" எங்ககிட்ட இல்ல. அவன்தான் எடுத்துட்டுப் போயிருக்கான். ரெண்டரை மாசமா எங்க கேட்டைத் திறக்கிற ரிமோட் முன்பின் தெரியாத ஒருத்தன் கையில, உள்ள நானும் ரெண்டு பிள்ளைங்களும், வீட்டுக்காரர் பாதி நாள் ஜோபர்க்ல (ஜோகன்னஸ்பர்க்).

இன்னொண்ணு, நாங்க தொடாத மூணாவது பட்டன்லயும் பழசு ஒண்ணு பதிவாகி இருந்துச்சு. முன்னாடி கார் வச்சிருந்தவங்க வீட்டுக் கேட்டாத்தான் இருக்கணும், டீலர் அழிக்காமலே வித்திருக்காங்க. ஓரத்துல இருக்கிற ரெண்டு பட்டனையும் சேத்து ஏறக்குறைய 20 செகண்ட், லைட் மின்னுற வரைக்கும் பிடிச்சிருந்தா மூணும் அழிஞ்சிடும், அவ்வளவுதான் வேலை. வண்டி விக்கிறவங்களும் வாங்குறவங்களும் இதை மறக்காதீங்க.

அங்கிள் அந்த போர்டைப் பிடுங்கிட்டு, மோட்டார் மெமரியையும் துடைச்சுட்டு, எங்க ரிமோட்டை மட்டும் திரும்ப ஏத்திக் குடுத்தாரு. பேட்டரிக்கு மட்டும்தான் காசு வாங்கினாரு, அவர் நல்லா இருக்கணும்.

டீலருக்கு போன் பண்ணா "அவன் கான்ட்ராக்ட் ஆள், எங்க ஸ்டாஃப் இல்ல"ங்கிறாங்க, பில்லுல போர்டு பத்தி ஒரு வரி இல்ல. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சரியா செய்யாத வேலைக்கு, குறையைச் சரிபண்ணச் சொல்லியோ பணத்துல நியாயமான ஒரு பங்கைத் திரும்பவோ கேட்கலாம்னு இருக்கு, எழுத்துல கேட்டிருக்கேன், பதில் வரலன்னா கார் வியாபாரப் புகாரை விசாரிக்கிற மோட்டார் ஒம்புட்ஸ்மனுக்குப் போறேன். அந்த போர்டை போட்டோ எடுத்து பத்திரமா வச்சிருக்கேன்.

இந்த மாதிரி வேலையைச் செய்ய வச்சவங்க இருந்தா, வந்தவன் மோட்டார் மூடியைத் திறந்தானா, உங்ககிட்ட இல்லாத ரிமோட் எதையாவது கையில வச்சிருந்தானான்னு வீட்டுல எல்லார்கிட்டயும் கேளுங்க. சந்தேகமா இருந்தா மெமரியை முழுசா துடைக்கச் சொல்லுங்க, ராத்திரி ஆகறதுக்குள்ள.