ஜென்டூ லினக்ஸ்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

ஜென்டூ என்பது, மென்பொருளை மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நம் கணினியிலேயே இயங்கும் வடிவுக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, நிறுவும் லினக்ஸ் வகை. அதன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். பென்குவின்களிலேயே வேகமாக நீந்தும் இனத்தின் பெயரை வைத்துக்கொண்டால் வேறென்ன பேசுவார்கள்? 2002 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. மற்ற லினக்ஸ்கள் பல, பழைய 386 பிராசஸருக்கும் பொருந்தும்படி கம்பைல் செய்த பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) தந்துகொண்டிருந்தன. இன்று 64 பிட் கணினியில் அந்த இடைவெளி பெருமளவு அடைபட்டுவிட்டது. வீடியோ கோடெக், என்கிரிப்ஷன் போன்ற கனமான வேலைகளைச் செய்யும் நிரல்கள் பிராசஸரின் வசதிகளை ஓடும்போதே கண்டறிந்து பயன்படுத்துகின்றன. ஆகவே வேகத்துக்காக ஜென்டூ போடுவது வீண்வேலை. கம்பைலுக்குச் செலவான மணிநேரத்தை அந்த வேகம் திருப்பித் தராது.

நாள்பட நின்று பயன் தருவது யூஸ் ஃபிளாக். ஒரு பேக்கேஜில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். பிரிண்டர் இல்லாத சர்வருக்கு '-கப்ஸ்', திரையே இல்லாததற்கு '-எக்ஸ்' என்று எழுதினால், அவை இழுத்துவரும் சார்பு நூலகங்களும் உள்ளே வராது. குறைவாக நிறுவினால் குறைவாகத்தான் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.

தமிழில் வேலை செய்பவருக்கு நேராகப் படும் உதாரணம், படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் நிரல். கட்டளை வழியாகப் படத்தின் மேல் தமிழ் எழுதும்போது, எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் நூலகம் சேராவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். 'பேங்கோ' ஃபிளாக்கை இயக்கி மறுபடி கட்டி, எழுத்தை பேங்கோ வழியாக வரையச் சொன்னால் கொம்பு தன் இடத்துக்கு வரும். ஃபான்டை மாற்றிப் பார்ப்பதில் புண்ணியமில்லை.

ஃபிளாக்குகளில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 'மேக்.கான்ஃப்' என்ற பொது அமைப்புக் கோப்பில் எல்லாவற்றையும் பொதுவாக அணைப்பது. '-*' போட்டு, புரொஃபைல் (ஜென்டூவின் இயல்பு அமைப்புத் தொகுப்பு) தந்ததையே துடைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். பொது ஃபிளாக் ஒன்றை மாற்றினால் அது தொடும் பேக்கேஜ் அத்தனையும் திரும்பக் கம்பைல் ஆகும். பொதுவில் பத்துப் பதினைந்து போதும். மீதியை 'பேக்கேஜ்.யூஸ்' அடைவில் பேக்கேஜ் வாரியாக, ஏன் போட்டோம் என்று ஒரு வரிக் குறிப்போடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பு இல்லையென்றால் உங்களுக்கே விளங்காது.

கம்பைலர் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கம்பைலர் ஃபிளாக்குக்கு '-ஓ2 -மார்ச்=நேட்டிவ் -பைப்' போதும். '-ஓ3' என்று கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோளாறைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். 'நேட்டிவ்' என்றால் இந்தக் கணினியின் பிராசஸருக்கென்றே கட்டுவது; அப்படிக் கட்டிய டிஸ்க்கைக் கழற்றி வேறு பழைய கணினியில் மாட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நிரல்கள் விழுந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்ற எண். ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்பது கணக்கு. 16 த்ரெட் இருந்தும் ரேம் 16 ஜிபிதான் என்றால் '-ஜே8' (ஒரே நேரத்தில் எட்டு வேலை) தான் சரி. மீறினால் சின்ன பேக்கேஜ்களில் ஒன்றும் தெரியாது. வெப்கிட் போன்ற சி++ மலைகளைக் கட்டும்போது நினைவகம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். லாகில் 'கில்டு' என்ற சொல் இருந்தால் எண்ணைக் குறையுங்கள். 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் சந்தேகம் ரேம் மீதோ சூட்டின் மீதோ போக வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே இடத்திலேயே நின்றால்தான் அது பேக்கேஜின் பிழை.

கம்பைல் நடக்கும் '/வார்/டெம்ப்/போர்ட்டேஜ்' அடைவை ரேமில் வைப்பது நல்ல வழக்கம். எஸ்எஸ்டியில் எழுதித் தேய்ப்பது குறையும். குரோமியத்துக்கோ 10 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். இப்படிப்பட்ட நாலைந்தை மட்டும் 'பேக்கேஜ்.என்வ்' கோப்பு மூலம் டிஸ்க்குக்குத் திருப்பிவிடலாம். நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். கட்டி முடித்த பிறகே கோப்புகள் சிஸ்டத்துக்குள் போவதால், கம்பைல் பாதியில் நின்றால் எதுவும் கெடாது. பேக்கேஜ் நிறுவும் கட்டளையான எமர்ஜுக்கு 'எமர்ஜ் --ரெஸ்யூம்' என்றால் வரிசை விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் நின்ற பேக்கேஜ் மட்டும் முதலிலிருந்து.

உண்மையில் எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், ரஸ்ட் ஆகியவற்றுக்கு, முன்பே கம்பைல் செய்த '-பின்' வடிவங்கள் வெகுநாளாக உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே பைனரி பேக்கேஜ் சர்வரைத் திறந்தது. 'கெட்பின்பேக்கேஜ்' வசதியை இயக்கினால் உங்கள் ஃபிளாக்கோடு பொருந்துவதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பொருந்தாததைச் சோர்ஸிலிருந்து கட்டும். இதை ஏமாற்று வேலை என்று சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. அவர்களுடைய மின்கட்டணம், அவர்கள் பாடு.

கெர்னலிலும் இதே புத்திமதிதான். கையால் கட்டுவது கற்க நல்லது. ஆனால் என்விஎம்இ (எஸ்எஸ்டி வகை) டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்க்காமல் தனி மாட்யூலாக வைத்து, தொடக்கத்தில் அதை ஏற்றித் தரும் இனிட்ராம்எஃப்எஸ் போடாமல் விட்டால் 'ரூட் டிஸ்க்கை மவுன்ட் செய்ய முடியவில்லை' என்று பேனிக் ஆகி நிற்கும். முதல் நிறுவலுக்கு 'ஜென்டூ-கெர்னல்-பின்' எடுத்து, 'இன்ஸ்டால்கெர்னல்' பேக்கேஜுக்கு 'டிராகட்' (இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்க), 'கிரப்' (பூட் செய்ய) ஃபிளாக்குகளைப் போடுங்கள். வைஃபை வரவில்லையா? 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' நிறுவப்பட்டதா என்று பாருங்கள். அதன் உரிமத்தைத் தனியாக ஏற்காமல், ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜ் அதை உள்ளே விடாது.

இனி, ஜென்டூவைக் கைவிட்டவர்களில் பலர் சறுக்கிய இடம்: அப்டேட். இதற்குப் பதிப்பு மாற்றம் என்று ஒரு நாள் கிடையாது; ஆற்றைப்போல் ஓடிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை 'சிங்க்' (பேக்கேஜ் விவரங்களைப் புதுப்பிக்க), பிறகு 'எசெலக்ட் நியூஸ் ரீட்' (அறிவிப்புகளைப் படிக்க), அதன்பின் 'வேர்ல்டு' அப்டேட் (நிறுவிய எல்லாவற்றுக்கும்), 'டிஸ்பாட்ச்-கான்ஃப்' (அமைப்புக் கோப்பு மாற்றங்களை ஏற்க), கடைசியில் 'டெப்கிளீன்' (தேவையற்றதை நீக்க). நடுவில் உள்ள நியூஸைப் படிக்காமல் தாண்டுவதுதான் வினை. 2024 ஜூனில் இயல்பு பைத்தான் 3.11-லிருந்து 3.12-க்கு மாறியபோது அறிவிப்பு முன்கூட்டியே வந்தது. இரண்டு பதிப்பையும் இலக்கில் சேர்த்து ஒருமுறை அப்டேட், பழையதை நீக்கி இன்னொருமுறை, பிறகே டெப்கிளீன் என்று நிதானமாகப் போனால் சிக்கல் வராது. மூன்று மாதம் விட்டுவிட்டு வந்தால் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று தடுப்பதைச் சொல்லும் பிளாக் செய்திகள் திரையை நிரப்பும். முதலில் போர்ட்டேஜை மட்டும் 'ஒன்ஷாட்' ஆக (வேர்ல்டு கோப்பில் பதியாமல்) புதுப்பியுங்கள். ஒரு வருடம் விட்டிருந்தால் புதிதாக நிறுவுவதே சுருக்கமான வழி, 'மேக்.கான்ஃப்', 'பேக்கேஜ்.யூஸ்', வேர்ல்டு கோப்பு (நீங்கள் கேட்டு நிறுவியவற்றின் பட்டியல்) மூன்றும் கையில் இருந்தால் போதும்.

புதிய நிறுவலில், எழுத்துருவைக் கையாளும் நூலகங்களான ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸ்ஸும் ஒன்றையொன்று கேட்டு வட்டமடிப்பதைப் பார்க்கலாம். ஃப்ரீடைப்பை '-ஹார்ஃப்பஸ்' என்று ஒருமுறை கட்டி, ஹார்ஃப்பஸ்ஸை ஏற்றி, மீண்டும் ஃப்ரீடைப்பை முழுதாகக் கட்டினால் முடிச்சு அவிழும்.

சோர்ஸிலிருந்து கட்டுவதால் பாதுகாப்பு என்ற பேச்சையும் அளந்துதான் எடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் வெளியான எக்ஸ்இசட் (கோப்பைச் சுருக்கும் கருவி) பின்கதவு, சோர்ஸ் டார்பாலுக்குள்ளேயே (மூல நிரல் தொகுப்புக் கோப்பு) ஒளிந்திருந்தது. அந்தத் தீங்கு நிரல் டெபியன், ஆர்பிஎம் வகைப் பேக்கேஜ் கட்டும் சூழலைத்தான் குறிவைத்தது. ஜென்டூவும் 5.6 பதிப்புகளை விலக்கிப் பழையதற்கு இறங்கச் சொன்னது. கம்பைல் செய்கிறவர் எவரும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கம்பைல் செய்வதில்லை.

4 ஜிபி லேப்டாப் மட்டுமே வைத்திருப்பவருக்கு நேரான நிறுவலைப் பரிந்துரைக்க மாட்டோம். வீட்டில் இன்னொரு வலுவான கணினி இருந்தால் அதில் 'பில்ட்பேக்கேஜ்' வசதியை இயக்கி, லேப்டாப்பின் பிராசஸர் பெயரையே 'மார்ச்'சில் கொடுத்து, பேக்கேஜ்களை அங்கே கட்டி இங்கே இறக்கலாம். ஃபிளாக்குகள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லேப்டாப் தானே கம்பைலில் இறங்கி, மடியைச் சுடும்.