அடையாறு வார இறுதி வானியல் வகுப்பு: கேலக்ஸியின் நடுவைப் பார்க்க ₹1,800 கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பொறுமையாக உட்கார முடியும் என்றால், கல்லூரியில் இயற்பியல் படித்தவரோ பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவரோ, யார் வேண்டுமானாலும் தைரியமாகப் போகலாம். நடத்துபவர்கள் சின்ன குழு, இப்போதைக்குப் பெரிய கூட்டம் வேண்டாம் என்கிறார்கள், அதனால் பெயர் போடவில்லை. அடையாறு டிப்போவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடி ஹாலில், சனி ஞாயிறு இரண்டு நாள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய் ஆசை பிடித்துக்கொண்டவர்களுக்கு, அதற்கு அடுத்து தமிழிலேயே எங்கே போய்ப் படிப்பது என்பதற்கு இந்த ஊரில் எனக்குத் தெரிந்து நல்ல பதில் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

இவர்கள் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. பெரிய கேலக்ஸிகள் பெரும்பாலானவற்றின் நடுவில் ராட்சதக் கருந்துளை இருக்கிறது. சிலவற்றில் அது வாயுவை விழுங்கிக்கொண்டு பிரகாசமாக எரிகிறது, பலவற்றில் சும்மா கிடக்கிறது. அப்படியென்றால் அந்த இரண்டு வகைக் கேலக்ஸிகளின் நடுப்பகுதியில் இருக்கும் நட்சத்திரங்கள் ஒரே மாதிரியா, வேறு வேறா? இரண்டு நாளும் இதுதான். பெருவெடிப்பு, வேற்றுக்கிரகவாசி, டைம் டிராவல் எதுவும் கிடையாது. யாராவது அந்தப் பக்கம் இழுத்தாலும் வகுப்பெடுக்கும் மேடம் சிரித்துக்கொண்டே திரும்ப இங்கே கொண்டுவந்துவிடுகிறார். எனக்கு முதலில் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான்.

1943-ல் அமெரிக்க வானியலாளர் கார்ல் செய்ஃபெர்ட் நடுப்பகுதி மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஒளிரும் சில சுருள் கேலக்ஸிகளின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுவது) அளந்து எழுதியதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது. இன்றும் அந்த வகைக்கு அவர் பெயர்தான். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றான மெசியே 77, சென்னையில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்து போகிறது என்பதை மேடம் சொன்னபோது ஹாலில் பாதிப் பேர் போனை எடுத்து வான வரைபடத்தில் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. இந்தப் பகுதியை அவர்கள் அவசரப்படாமல் செய்ததற்காகவே நான் இரண்டாவது தடவையும் பணம் கட்டுவேன். கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டு விழித்திருக்கும் ஒரு கேலக்ஸியையும் கையில் கிடைத்த ஏதோ ஒரு அமைதியான கேலக்ஸியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, வித்தியாசம் கருந்துளையால் வந்ததா, எடையால் வந்ததா, வடிவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் வடிவம், மொத்த எடை, தூரம், நம் பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் என்று கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல ஒவ்வொன்றாக ஒத்துப்போக வைத்து, கருந்துளையின் நிலை ஒன்று மட்டும் மாறுகிற ஜோடியை எடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்து நாங்களே ஜோடி சேர்க்கச் சொன்னார்கள். என் மேஜையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "தூரம் ஒத்து வருது, ஆனா இது நீள்வட்டம், அது சுருள், வேண்டாம்" என்று வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் எங்களுக்குத் தேறியது ரொம்பக் கொஞ்சம். அதுவே ஒரு பாடம்.

அப்புறம் நிறமாலை. ஸ்லோன் வான ஆய்வு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் தரவுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்தது. லேப்டாப்பில் ஜோடியின் இரண்டு நிறமாலை வரைபடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. அமைதியான கேலக்ஸியில் 4,000 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு, கீழே வரும் இந்த மாதிரி எண்களும் இதில்தான்) பக்கத்தில் ஒரு படி மாதிரி ஏற்றம், அதற்குச் சற்று முன்னால் கால்சியத்தின் இரண்டு ஆழமான பள்ளங்கள் (அது ஒளியை உறிஞ்சிக்கொண்ட இடங்கள்), 5,175 அருகே மக்னீசியம், 5,890-ல் சோடியம். எல்லாம் வயதான நட்சத்திரங்களின் கையெழுத்து. செய்ஃபெர்ட் வகையில் முதலில் கண்ணில் படுவது நேர்மாறானது, மேலே குத்திட்டு நிற்கும் ஊசிகள். ஆக்சிஜன் ஊசி ஆய்வகத்தில் 5,007-ல் இருக்க வேண்டியது, நாங்கள் எடுத்த கேலக்ஸியின் சிவப்பு நகர்வு (தொலைவில் இருக்கும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவு) 0.03 என்பதால் 5,157-ல் நின்றது. அதை நாமே பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க வைக்கிறார்கள். அந்த ஊசிகளை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் பள்ளங்களைத் தேடு என்பதுதான் மேடம் திரும்பத் திரும்பச் சொன்னது. ஊசி கருந்துளையைச் சுற்றிச் சூடான வாயுவில் இருந்து வருகிறது, பள்ளம்தான் நட்சத்திரம்.

இங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. செய்ஃபெர்ட் கேலக்ஸியில் கால்சியப் பள்ளம் ஆழம் குறைவாக இருந்தது. ஏன்? ஒரு விளக்கம்: கருந்துளையைச் சுற்றும் எரியும் தட்டின் ஒளியில் இந்தப் பள்ளங்கள் கிடையாது, அது நட்சத்திர ஒளியோடு கலந்தால் பள்ளம் தூர்ந்துபோகும். 20 சதவீதம் ஆழமுள்ள பள்ளம், பாதி ஒளி தட்டிலிருந்து வந்தால் 10 சதவீதமாகிவிடும். இன்னொரு விளக்கம்: அங்கே இளம் சூடான நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் இந்தக் கால்சியப் பள்ளம் இயல்பாகவே பலவீனம். இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்! எப்படிப் பிரிப்பது? 8,498, 8,542, 8,662 என்று சிவப்பைத் தாண்டி மூன்று கால்சியப் பள்ளங்கள் உண்டு. குளிர்ந்த சிவப்பு ராட்சத நட்சத்திரங்களில், அதிலும் இளம் கூட்டங்களில் தோன்றும் மிகப் பெரிய சிவப்பு நட்சத்திரங்களில் அவை நல்ல ஆழம். 1990-ல் டெர்லெவிச் குழுவினர் இதை அளந்து பார்த்தபோது, இரண்டாம் வகை செய்ஃபெர்ட்களில் (ஊசிகள் எல்லாமே ஒல்லியாக இருப்பவை) இந்த மூன்றும் சாதாரணக் கேலக்ஸிகளுக்குச் சமமாக, சிலவற்றில் அதைவிட வலுவாகவே இருந்தன. தட்டின் ஒளி எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது என்றால் அப்படி இருக்கக் கூடாது.

பின்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் விடவில்லை. "மேடம், தட்டோட ஒளி நீலத்துலதானே அதிகம், சிவப்புப் பக்கம் பள்ளம் தூர்ந்துபோகாம இருக்கறது எப்படிச் சான்றாகும்?" மேடம் ஒரு நிமிஷம் நின்று, "நல்ல கேள்விப்பா, அதனாலதான் இதை மட்டும் நம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு, திட்டத்தில் இல்லாத ஒரு படத்தை எடுத்துப் போட்டார். 3,800-லிருந்து 3,900 வரை வரிசையாக நெருங்கி வரும் ஹைட்ரஜன் பள்ளங்கள். அவை சூடான இளம் நட்சத்திரங்களின் நேரடிச் சாட்சி, சில செய்ஃபெர்ட்களில் அவை தெளிவாகவே தெரிகின்றன. கேள்வி கேட்டவரை உட்கார வைக்காமல் கேள்வியை வளர்த்து எடுத்துப் போகும் ஆசிரியரை இந்த வயதில் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை முடிவுகள். 2003-ல் கௌஃப்மன் குழு ஸ்லோன் தரவில் 1,22,808 கேலக்ஸிகளிலிருந்து 22,623 விழித்த கேலக்ஸிகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தது. மங்கலாக எரிபவற்றின் நட்சத்திரங்கள் சாதாரண வயதான கேலக்ஸிகளைப் போலவே இருந்தன, பிரகாசமாக எரிபவற்றில்தான் இளமை தெரிந்தது. ஆக விழித்தது, தூங்குவது என்று இரண்டே பெட்டி போட்டால் பாதி உண்மை தப்பிப் போய்விடும்.

முதல் குறையும் இங்கேதான். ஸ்லோனின் ஒளியிழை (கேலக்ஸியின் ஒளியை உள்ளே வாங்கும் கண்ணாடி இழை) வானத்தில் 3 வில்விநாடி அகலம், ஒரு வில்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. நாங்கள் எடுத்த கேலக்ஸியின் தூரத்தில் அது கிட்டத்தட்ட 6,000 ஒளியாண்டு. அதைப் போய் 'நடு' என்று சொல்லிக்கொண்டு ஒரு முழு நாள் அளந்தோம். 2013-ல் ஹிக்ஸ் குழு ஐந்து ஜோடிகளாகச் சேர்த்த பத்துக் கேலக்ஸிகளில் பார்த்தது என்னவென்றால், நடுவிலிருந்து சுமார் 1,600 ஒளியாண்டைத் தாண்டினால் இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உள்ளே போனால்தான் செய்ஃபெர்ட்களில் நட்சத்திர ஒளி நடுவில் அதிகம் குவிந்திருக்கிறது, சுமார் 650 ஒளியாண்டுக்குள் நட்சத்திரங்களின் வேகச் சிதறல் (அவற்றின் வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது) குறைகிறது, மூலக்கூறு ஹைட்ரஜன் வாயு கூடுதலாக ஒளிர்கிறது. வாயு உள்ளே வந்து மெல்லிய தட்டாகப் படிந்து, அதில் ஒழுங்காகச் சுற்றும் புது நட்சத்திரங்கள் பிறந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். இவ்வளவு அழகான விஷயத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசி இருபது நிமிஷத்தில் ஓட்டிவிட்டார்கள். ஒளியிழை அகலத்தை முதல் நாள் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஜோடிப் பொருத்தத்தில் காட்டிய நிதானம் இதற்கும் வேண்டும்.

நம் பால்வீதியைப் பற்றிய பகுதி சின்னது, ஆனால் மனதில் நிற்கும். நம் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரிய எடை, இன்றைக்கு அமைதி. ஆனாலும் அதை ஒட்டியே சில மில்லியன் வயதுள்ள இளம் நட்சத்திரங்கள் சுற்றுகின்றன. ஆண்ட்ரோமீடாவிலும் அப்படித்தான், சுமார் 20 கோடி வயதுள்ள நீல நட்சத்திரத் தட்டு ஒன்று கருந்துளையைச் சுற்றியே இருக்கிறது. இன்று அமைதி என்பதால் நேற்றும் அமைதி என்று ஆகாது. 2007-ல் டேவிஸ் குழு செய்த ஆய்வில், நட்சத்திரப் பிறப்பு பொங்கி 5 முதல் 10 கோடி ஆண்டு கழித்துத்தான் கருந்துளைக்குத் தீனி போய்ச் சேருகிறது போலிருக்கிறது என்று ஒரு தடயம் கிடைத்தது. முதலில் வெடிக்கும் பெரிய நட்சத்திரங்களின் ஆர்ப்பாட்டம் அடங்கி, பிறகு வயதாகும் நட்சத்திரங்கள் மெதுவாக உதிர்க்கும் வாயுதான் உள்ளே இறங்குகிறது என்பது அவர்கள் விளக்கம்.

மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்த மாலை நிகழ்ச்சி சுமார்தான். கடற்கரை ஈரப்பதமும் தெருவிளக்கும் சேர்ந்து ஆண்ட்ரோமீடாவே ஒரு மங்கல் திட்டாகத்தான் வந்தது. அதைக் காட்டுவதை விட்டு அந்த நேரத்தை ஹிக்ஸ் ஆய்வுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் தனியாகக் காவலூர் வான் ஆய்வகத்துக்கு ஒரு பயணம் போடலாம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையிலேயே இருக்கும்போது அடையாறு மாடியில் எதற்குச் சிரமம்?

போகிறவர்களுக்கு: லேப்டாப் கட்டாயம், போனில் வேலை நடக்காது. பிளக் பாயின்ட் குறைவு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போங்கள். ஹால் வைஃபை எல்லோரும் ஒரே நேரத்தில் தரவை இறக்கியதில் திணறியது, தரவை முன்கூட்டியே பென்டிரைவில் கொடுத்தால் ஒரு மணி நேரம் மிச்சம். காபி நன்றாக இருந்தது. சாப்பாடு கட்டணத்தில் சேராது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாடி நிகழ்ச்சியை நம்ப வேண்டாம், ஜனவரி, பிப்ரவரி வகுப்பில் இடம் கிடைத்தால் அதில் சேருங்கள்.