டிஹெச்சிபியா, ஸ்டாட்டிக் ஐபியா?

ஐபிங்கறது நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற அட்ரஸ் நம்பர்; அத ரவுட்டர் தானா குடுத்தா டிஹெச்சிபி, நாமளே போட்டா ஸ்டாட்டிக். லேப்டாப், போன் மாதிரி வந்து போறதுக்கெல்லாம் டிஹெச்சிபி தாங்க. வைஃபைல சேர்ந்ததும் மெஷினே நெட்வொர்க் முழுக்க ஐபி கேக்கும், ரவுட்டர் ஒண்ண காட்டும், அத வாங்கிக்கும், கூடவே சப்நெட் மாஸ்க் (எந்த அட்ரஸெல்லாம் நம்ம நெட்வொர்க்னு சொல்றது), கேட்வே (வெளிய நெட்டுக்கு போற வழி), டிஎன்எஸ் (சைட் பேர ஐபியா மாத்தி சொல்ற சர்வர்) எல்லாம் வந்துரும். ரவுட்டர் அந்த ஐபிய குறிப்பிட்ட டைமுக்கு தான் குடுக்கும், பாதி டைம் போனதுமே மெஷின் ரினியூ பண்ண கேக்கும். பதிலே வரலன்னா விண்டோஸ் தானா 169.254ல ஆரம்பிக்கிற அட்ரஸ போட்டுக்கும், அத பாத்தா மொதல்ல ரவுட்டர் பக்கம் செக் பண்ணுங்க.

ஸ்டாட்டிக்ல எல்லாம் நாமளே டைப் பண்ணணும். பிரிண்டர், சர்வருக்கு அட்ரஸ் மாறக்கூடாது, அதுக்கு ஓகே. ஆனா ரவுட்டர் குடுக்கற ரேஞ்சுக்குள்ளயே நம்பர் போட்டுட்டா அதே ஐபி இன்னொரு மெஷினுக்கும் போய் ரெண்டும் திணறும். என்ன கேட்டா பிரிண்டருக்கும் ரவுட்டர்லயே மேக் அட்ரஸ (மெஷினோட நெட்வொர்க் கார்டுக்குன்னு இருக்கற அடையாள நம்பர்) வச்சு ரிசர்வேஷன் போடுங்க, அதாவது இந்த மெஷினுக்கு எப்பவும் இந்த ஐபி தான்னு, ஐபியும் மாறாது, டிஎன்எஸ் மாத்தணும்னாலும் ஒரே எடத்துல மாத்தினா போதும்.