கிளிக்கர்: சிறிய நாய் வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளிலும் இணையத்திலும் ஏறத்தாழ 100 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும் கிளிக்கர் என்பது கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி. உள்ளே சற்றே வளைந்த உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாக அது இரட்டை ஓசை எழுப்புகிறது. திருவிழாக் கடைகளில் முன்பு விற்ற தகரத் தவளைப் பொம்மையின் உள்ளமைப்பும் இதுவே. எங்கள் வீட்டில் இருப்பது 5 கிலோ எடையுள்ள, தெருவே பொமரேனியன் என்று அழைக்கும், உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்த வெள்ளை நாய். லிஃப்ட் கதவு திறந்தாலும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் காதை விறைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடும் அந்த நாயைப் பயிற்சியின்போது ஓரிடத்தில் நிலைகொள்ள வைப்பதற்காகப் பெட்டி வடிவக் கிளிக்கர் ஒன்றையும், மேலே பொத்தான் வைத்த கிளிக்கர் ஒன்றையும் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன்.

ஓர் அழுத்தத்தில் நாயின் கவனம் உங்கள் வசமாகும் என்ற பொருளில் இவற்றுள் ஒன்றின் உறையில் எழுதியிருந்தது. அதை நம்பி வாங்குபவர்கள் ஏமாற்றமடைவது உறுதி, ஏனெனில் கிளிக்கர் நாயைக் கூப்பிடும் கருவி அன்று. நாய் சரியான செயலைச் செய்த அந்தக் கணத்தைக் குறித்துக் காட்டி, ‘இதற்குத் தின்பண்டம் வருகிறது’ என்று அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. நாய் ஜன்னலைப் பார்த்துக் குரைக்கும்போது அதைத் திருப்புவதற்காகக் கிளிக்கரை அழுத்தினால், குரைத்ததற்கே பரிசு அறிவித்ததாக ஆகிவிடும். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரிலண்ட், மரியன் பிரிலண்ட் தம்பதியர் 1940களில் விலங்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்த இந்த முறையை, 1960களில் ஹவாயில் டால்பின்களுக்கு விசில் கொண்டு பயிற்சி அளித்த கேரன் பிரையர் பின்னர் நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். நீரில் நீந்தும் டால்பினைக் கயிற்றால் இழுத்து நிறுத்த முடியாது; அது தானாகச் செய்வதில் வேண்டியதைக் குறித்துக் காட்டத்தான் முடியும். வாரைப் பிடித்து இழுப்பது கழுத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் ஆகாத சிற்றின நாய்களுக்கு இம்முறை பொருந்தி வருவதில் வியப்பில்லை.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது, எதையும் எதிர்பார்க்காமல் அழுத்தி உடனே ஒரு துண்டு கொடுப்பது. ஓசை கேட்டவுடன் நாய் தின்பண்டத்தை எதிர்பார்த்துத் திரும்பத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். கவனத்துக்கென்றே உள்ள பயிற்சியில்தான் இந்தக் கருவியின் அருமை எனக்குப் புரிந்தது. தின்பண்டத்தை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும். நாய் முதலில் கையை முகரும், நக்கும், காலால் பிறாண்டும், சில சமயம் அதட்டலாக ஒரு குரையும் குரைக்கும். எதுவும் பலிக்காதபோது ஒரு நொடிப்பொழுது நம் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வை விழும் கணத்தில் அழுத்திவிட்டு, மற்றொரு கையிலிருந்து துண்டைக் கொடுக்க வேண்டும். சிறிய நாய்களின் அசைவுகள் மிக விரைவானவை. பார்வை நம் மீது பட்டு விலகுவதற்குள் ‘சபாஷ்’ என்று முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது, விரலோ அதற்குள் அழுத்திவிடுகிறது. பார்வை நிலைக்கத் தொடங்கிய பிறகு ‘பார்’ என்ற சொல்லைச் சேர்த்து, கூடத்திலிருந்து வாசற்கதவுப் பக்கமும் பின்னர் மாடிப்படிப் பக்கமுமாக இடத்தை மாற்றிக்கொண்டே போகலாம்.

கிளிக்கர் இல்லாவிட்டால் இது நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தாலிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 51 நாய்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிளிக்கரும், ஒரு பிரிவுக்கு ‘பிராவோ’ என்ற சொல்லும், மற்றொன்றுக்குத் தின்பண்டம் மட்டுமேயும் கொடுத்துப் பார்த்தபோது, கற்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கருவியால் ஒழுங்குபடுவது பயிற்சி தருபவரின் கைதான் என்பது என் எண்ணம். வாயால் பாராட்டும்போது குரல் ஒருநாள் உற்சாகமாகவும் ஒருநாள் சலிப்பாகவும் ஒலிக்கும், கூடவே நாலு வார்த்தையும் சேர்ந்துகொள்ளும். கிளிக்கர் அப்படி மாறுவதில்லை; அழுத்துவதற்காக நாயை உற்று நோக்கும் பழக்கமும் நமக்கு வந்துவிடுகிறது.

பெட்டி வடிவக் கிளிக்கரின் பெருங்குறை அதன் ஓசை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும் என்றால், நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. உயரமான நாயின் காதுக்கும் நம் கைக்கும் ஓரளவு இடைவெளி இருக்கும். சிறிய நாய்க்காகத் தரையில் உட்கார்ந்து பயிற்சி தரும்போது கருவி அதன் காதருகிலேயே இருக்கிறது. எங்கள் நாய் முதல் ஓசைக்கே காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டது. கைக்குட்டையில் சுற்றி அழுத்தினால் தாங்கக்கூடியதாக இருந்தாலும், தகடு உள்ளே இருப்பதால் விரலால் துல்லியமாக அழுத்த முடியவில்லை. பொத்தான் வகையின் ஓசை மெலிந்தது. அதன் பொத்தான் மேலெழும்பி இருப்பதால், மணிக்கட்டுப் பட்டையில் தொங்கும்போதும் கட்டைவிரல் எளிதில் எட்டுகிறது. வாரும் தின்பண்டமும் கருவியுமாக இரண்டு கைகளில் மூன்றைச் சமாளிக்க வேண்டியிருப்பதால் அந்தப் பட்டை இல்லாத கிளிக்கரை வாங்குவதில் பயனில்லை. பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாயாக இருந்தால் இந்த வகையும் வேண்டாம்; அழுத்தித் திறக்கும் பால் பாயிண்ட் பேனாவே போதும்.

உடன் வந்த துண்டறிக்கை, படங்களைப் பார்த்தாலே தெரிவதுபோல, லாப்ரடார் வளர்ப்பவருக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு பிஸ்கெட் கொடுத்துக் கால் மணி நேரம் பயிற்சி செய்யச் சொல்கிறது. 5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 கலோரி போதும். அதில் தின்பண்டங்களின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவு. அந்த 35 கலோரி, தோல் நீக்கி உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 20 கிராம். அரை கிராம் துண்டுகளாக நறுக்கினால் 40 துண்டுகள் கிடைக்கும், அது ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதும். பெரிய துண்டு கொடுத்தால் நாய் அதை மெல்லுவதற்காகப் படுத்துக்கொள்கிறது, அதற்குள் செய்துகொண்டிருந்தது மறந்துவிடுகிறது. கால் மணி நேரமும் மிகையானது. மூன்று நான்கு நிமிடங்களில், நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடித்துவிடுவது நல்லது. இடையில் சில நாள்கள் விட்டுப்போனாலும் கெடுதல் இல்லை. பீகிள் நாய்களைக் கொண்டு டென்மார்க்கில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை பயின்றவை வாரம் ஐந்து முறை பயின்றவற்றைவிடக் குறைந்த அமர்வுகளில் கற்றுக்கொண்டன.

துண்டறிக்கை சொல்லாத இன்னொன்று தரை. நின்றுகொண்டு குனிந்தால் சிறிய நாய்க்கு அது மிரட்டலாகத் தெரியும், நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதில் கழுத்தும் சலிக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் உட்காரச் சொன்னால் பின்னங்கால்கள் வழுக்கிக்கொண்டே போவதால் அதன் கவனம் முழுவதும் கால்களில் இருக்கும். ஒரு கோரைப்பாயை விரித்து நாமும் அதில் அமர்ந்தால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடுகின்றன. இப்போது பாயை எடுத்தாலே எங்கள் நாய் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கிளிக்கரோடு சேர்த்து விற்கப்படும் இடுப்புப் பையை நான் பரிந்துரைக்கவில்லை. சுருக்குக் கயிற்று வாய்க்குள் கை போய் வருவதற்குள் ஒன்றிரண்டு நொடிகள் கழிந்துவிடுகின்றன. அதோடு நாய் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதுகுப்புறமாக வைத்த மூடியில்லாத கிண்ணம் அதைவிட மேலானது. ஆகவே பட்டையுடன் கூடிய பொத்தான் வகையைத் தனியாக வாங்குவது போதுமானது. காது மந்தமாகிவிட்ட முதிய நாய்களுக்கு அதுவும் தேவையில்லை. கிளிக் ஓசையின் இடத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சைகையை வைத்து, அதே முறையில் தின்பண்டத்துடன் பழக்கலாம்.